ஈச்சங்காட்டு மானுக்கு அந்தியேட்டி

ஈச்சங்காட்டிலை மான் சுடுறதுக்கு ஒரேயொரு சட்டம்தான் இருந்தது. அதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. அதாலையோ என்னவோ எல்லாரும் அதை மதிச்சவை.

குடாநாட்டின்ரை கிழக்குக் கரையிலை, கடல்நீரேரியைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற பத்தைக்காடுதான் ஈச்சங்காடு. உள்ளை இறங்கிற இடத்திலை ஒரு பாலைமரம், மரத்துக்குக் கீழை ஒரு கல்லு. கல்லுத்தான் ஐயனார். வேட்டைக்குப் போறவன் இலையோடை ஒரு குழையை முறிச்சு ஐயனாருக்கு முன்னாலை தொங்கவிட்டிட்டு உள்ளை போவான். பின்னாலை வாறவன் பச்சைக்குழையைக் கண்டால் ஒரு கதையும் இல்லாமல் திரும்பி வீட்டை போவான். குழை வாடினாப் பிறகுதான் மற்றவன்ரை முறை. அவ்வளவுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தோடை முப்பது வருசம் வேட்டையாடின மனுசன் ஆழ்வாப்பிள்ளை. தொழில் தென்னங்காணிக் காவல். வருசத்துக்கு ரெண்டு கிடாய்மான் சுடுவார். ஒண்டு ஐயனார் பொங்கலுக்கு, ஊருக்கு. மற்றது வீட்டுக்கு, வத்தல் போட. பெட்டைமானுக்குத் துவக்கு நீட்டமாட்டார். ஒருக்கால் நீட்டினவர்தான். எட்டு வருசத்துக்கு முந்தி, விடியப்புறப் பனிப்புகாருக்குள்ளை கிடாய் எண்டு நினைச்சுச் சுட, குண்டு இடது காதிலை ஒரு துண்டைப் பிச்சுக்கொண்டு போச்சுது. கிட்டப் போய்ப் பார்த்தால் பெட்டை. பக்கத்திலை குட்டி நடுங்கிக்கொண்டு நிக்குது. மனுசன் ஐயனாரிட்டைப் போய்த் தலையிலை குட்டிக்கொண்டு, இனி இந்தப் பிழை விடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு வந்தவர். அதுக்குக் காதுவெட்டி எண்டு பேரும் வைச்சார். காட்டுக்கு நடுவிலை மணலைத் தோண்டின ஒரு துரவு இருக்கு. ஆழமில்லாத சரிவுக் கிணறு, மிருகம் இறங்கித் தண்ணி குடிக்கலாம். காலமையிலை காதுவெட்டி அங்கை வரும். அவரைக் கண்டால் ஒருக்கால் நிமிர்ந்து பார்க்கும், பிறகு குனிஞ்சு குடிக்கும். காடு முழுக்க அதின்ரை பிள்ளையளும் பேரப்பிள்ளையளும்தான்.

எண்பத்துமூண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எல்லாம் தலைகீழாய்ப் போச்சுது. கொழும்பிலை அடிவாங்கின சனம் கப்பலேறி ஊருக்கு வந்தது. அடுத்த வருசம் கடலிலை இறங்கக்கூடாது எண்டு அரசாங்கம் சொல்ல, மீன் இல்லாமல் போச்சுது. காட்டிலாகாக்காரன் உயிருக்குப் பயந்து வாறதை விட்டிட்டான். மீனில்லை, கேட்க ஆளில்லை, ஆம்பிளையளுக்கு வேலையில்லை. மானுக்கு வேறை என்ன கெடுதல் வேணும்?

வேட்டைக்கு ஆக்கள் முதல் சைக்கிளிலை வந்தினம். பிறகு மானிப்பாயிலையிருந்து வான் பிடிச்சு வந்தினம். சண்டிலிப்பாய்க்காரர் நாயளோடை வந்தினம். உடுவில்காரர் ரேடியோவோடை வந்தினம், பாட்டுக் கேட்டுக்கொண்டு பதுங்கியிருக்க. லைசென்ஸ் துவக்குகளை ஒருபக்கம் அரசாங்கம் வாங்க, மறுபக்கம் இயக்கப் பெடியள் வாங்க, சனத்தின்ரை கையிலை மிஞ்சினது குழாய்க்குள்ளை மருந்தை இடிச்சுச் சுடுற நாட்டுத் துவக்கு, இடியன். அது முன்னாலையும் சுடும், பின்னாலையும் சுடும்.

ஒருநாள் ஆழ்வாப்பிள்ளை வந்து பார்த்தால் பாலைமரத்திலை பதினேழு பச்சைக்குழை தொங்குது. குழை மறைச்சதிலை ஐயனாரைக் காணேல்லை. மானிப்பாய் வின்சன்ற், நாப்பது வயசு, வான்காரன், பதினெட்டாவது குழையைக் கட்டிக்கொண்டு நிண்டான்.

"தம்பி, குழை கட்டியிருந்தால் உள்ளை ஆள் இருக்கெண்டு அர்த்தம். திரும்பிப் போகவேணும்."

"ஓம் அண்ணை. அதுதான் நாங்களும் உள்ளை போறம் எண்டு கட்டிறம். நல்ல வழக்கம் அண்ணை, விடப்படாது."

மூண்டு மாசத்திலை காலமையிலை வந்த மான் சாமத்திலை வரத் தொடங்கிச்சுது. பிறகு சாமத்திலையும் வரேல்லை. கிடாய் கத்துற சத்தம் நிண்டுபோச்சுது. வயித்தெரிச்சல் தாங்கேலாமல் ஒருநாள் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலிலை வைச்சு ஆழ்வாப்பிள்ளை வாய்விட்டுச் சொன்னார்: "உந்த வேட்டையை ஆரேன் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர வேணும்."

சொன்ன இடம் பிழைச்சுப் போச்சுது. பின்னாலை சீனிக்கு நிண்டவர் சோமசேகரம். கொழும்பிலை ஒரு திணைக்களத்திலை முப்பத்திரண்டு வருசம் தலைமை லிகிதராய் இருந்தவர். கலவரத்திலை வீடு எரிஞ்சு, சாமான் எல்லாம் போச்சுது. கப்பலேறேக்கை மனுசன் மடிக்குள்ளை வைச்சுக் காப்பாத்திக்கொண்டு வந்தது ரெண்டு றப்பர் முத்திரையும் ஒரு மைப்பெட்டியும். ரெண்டு வருசமாய்க் குத்திறதுக்கு ஒண்டும் இல்லாமல் ஆள் வாடிப்போயிருந்தார். ஒழுங்கு எண்ட சொல்லைக் கேட்டதும் முகத்திலை ஒரு வெளிச்சம் வந்துது பாருங்கோ!

அடுத்த ஞாயிறே பள்ளிக்கூட மண்டபத்திலை கூட்டம். "ஈச்சங்காட்டு மான்வேட்டை ஒழுங்குபடுத்தல் மற்றும் மான்வளப் பாதுகாப்புச் சங்கம்" பிறந்துது. தலைவர் சோமசேகரம். செயலாளர் சீவரத்தினம், அவரும் அரசாங்கக் கந்தோர் ஒண்டிலை எழுத்துவேலை பார்த்திட்டு வந்தவர்தான்.

"அன்பர்களே," எண்டு தலைவர் தொடங்கினார். "இதுவரை இக்காட்டில் மான்கள் எவ்வித விதிமுறையுமின்றிச் சுடப்பட்டு வந்துள்ளன. இது நாகரிகமுள்ள சமூகத்திற்கு அடுக்காது. இனிமேல் ஒரு மான் செத்தால், அது முறைப்படி விண்ணப்பித்து, முறைப்படி அனுமதி பெற்று, முறைப்படி சுடப்பட்டதாக இருக்க வேண்டும். அதுவே அந்த மானுக்கும் கௌரவம்."

கைதட்டல் ஓய ஒரு நிமிசம் ஆச்சுது. ஆழ்வாப்பிள்ளையும் தட்டினார். ஆக்களைக் குறைக்கப் போகினம் எண்டு நினைச்சுத் தட்டினவர், பாவம்.

ஒழுங்குபடுத்திறதெண்டால் எல்லாரும் அங்கத்தவராய் இருக்கவேணும், அங்கத்தவர் எண்டால் எல்லாருக்கும் சம உரிமை இருக்கவேணும். அந்த முறையிலை முந்தி வேட்டைக்குப் போகாதவையும் அட்டை எடுத்தினம். வாத்திமார் எடுத்தினம், தபாற்காரர் எடுத்தார், மரக்கறி மட்டும் சாப்பிடுற ஓய்வுபெற்ற ஸ்ரேசன்மாஸ்ரர் ஒருத்தர், உரிமையை விட்டுக்கொடுக்கப்படாதெண்டு, தானும் ஒண்டு எடுத்தார். இருநூற்றிப் பதினாலு பேர்.

ஆழ்வாப்பிள்ளையை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டினம்.

"மான் சுட்ட முன்அனுபவத்துக்குச் சான்றிதழ் இருக்கோ?" எண்டு சீவரத்தினம் கேட்டார்.

"சுட்ட மானிட்டை ஒண்டும் எழுதி வாங்கேல்லை ஐயா."

"மானுக்கு எத்தினை கால்?"

"நான் சுட்டால் நாலு. மானிப்பாய் ஆக்கள் சுட்டால் ரெண்டு, மூண்டு மிஞ்சும்."

அவருக்கு மூண்டாந்தர அட்டைதான் குடுத்தினம். பார்வையாளர் அங்கத்தவர். காட்டுக்குள்ளை போகலாம், துவக்குக் கொண்டுபோகேலாது.

குழை வழக்கத்தையும் சங்கம் கைவிடேல்லை, மேம்படுத்தினது. இனி மூண்டு பிரதி. ஒரு குழை மரத்துக்கு, ஒரு குழை கந்தோருக்கு, ஒரு குழை கோவைக்கு. மூண்டிலையும் முத்திரை குத்தவேணும். பாலை இலையிலை மை பிடிக்காதெண்டு கண்டு, பூவரசங்குழைக்கு மாத்தினவை. ரெண்டாம் கிழமை கந்தோர் வாசலிலை கட்டின அலுவலகப் பிரதி முழுவதையும் ஒரு ஆடு திண்டிட்டுது. ஆத்திரத்திலை ஒரு அங்கத்தவர் அந்த ஆட்டைப் பிடிச்சு அறுத்துக் கறியாக்கிப் போட்டார். ஆட்டுக்காரி செபஸ்தியம்மா கத்தியோடை வந்து, தலைவரை மேசைக்குக் கீழை ஒளிய வைச்சாள். அதிலைதான் இருபத்தேழாம் விதி பிறந்துது: "காதுக்குறி உள்ள ஆட்டின்மீது அதன் உரிமையாளர் தவிர்ந்த வேறெவரும் கைவைத்தலாகாது." இருபத்தெட்டாம் விதி: "காதுக்குறி இல்லாத ஆடு சங்கத்தின் உடைமையாகும். அது ஆண்டுப் பொதுக்கூட்ட விருந்துக்குப் பயன்படுத்தப்படும்." எங்கடை பக்கத்திலை ஆட்டுக்குக் காதிலை வெட்டுப் போட்டு அடையாளம் வைக்கிறது வழக்கம்தானே. சங்கம் செய்ததுக்குள்ளை மனுசருக்கு விளங்கிற விதி அந்த ரெண்டும்தான்.

பிறகு வேட்டைப்பருவத் தொடக்கவிழா வைச்சினம். காட்டுவாசலிலை வாழைமரம், நாதஸ்வரம், நாலு ஒலிபெருக்கி. "மான்வளம் பெருகுக!" எண்டு தலைவர் குத்துவிளக்கை ஏத்த, இருநூறு இடியன் ஒண்டாய் வெடிச்சுது. அதுக்குப் பிறகு ஆறு கிழமை ஒரு மானின்ரை வாலைக்கூட ஒருத்தரும் காணேல்லை. ஏன் எண்டு ஆராய ஒரு விசாரணைக்குழு போட்டினம். அறிக்கை பதினொரு பக்கம். கடைசி வரி: "இந்நிலைக்கு மான்களின் ஒத்துழையாமையே காரணமெனக் குழு கருதுகின்றது."

அப்பதான் மான் கணக்கெடுப்பு எண்டொரு யோசனை வந்துது. இருக்கிற மானிலை பத்திலொண்டைச் சுட அனுமதிக்கலாமாம். கணக்கெடுக்கக் காடு தெரிஞ்ச ஆள் வேணும். மூண்டாந்தரத்தைக் கூப்பிட்டினம்.

ஆழ்வாப்பிள்ளை மூண்டு நாள் காட்டை அளைஞ்சார். சுருக்குக் கம்பியளைக் கண்டார், கரிஞ்ச மருந்துப் பொட்டலங்களைக் கண்டார், ஒரு ரேடியோ பற்றறியைக் கண்டார். மானைக் காணேல்லை. மூண்டாம் நாள் பின்னேரம், நீரேரிக் கரையிலை கண்டல் பத்தைக்குள்ளை ஒரு தடம். பின்கால் ஆழமாய்ப் பதிஞ்சிருக்கு. பாரம் சுமக்கிற தடம். தவண்டு போய்ப் பார்த்தார். காதுவெட்டி. எலும்பும் தோலும், வயிறு மட்டும் பெரிசு. இண்டைக்கோ நாளைக்கோ எண்டில்லை, ஒரு மாசத்திலை குட்டி போடும். அது அவரை நிமிர்ந்து பார்த்துது. குனியேல்லை, பார்த்துக்கொண்டே நிண்டுது. மனுசன் தவண்டபடியே பின்வாங்கினார்.

வீட்டை வந்து சோத்துக் கோப்பைக்கு முன்னாலை சும்மா இருந்தார். மனிசி இரத்தினம்மா பார்த்தாள்.

"என்ன, மானைக் காணேல்லையோ?"

"கண்டன். ஒண்டு."

"அப்ப ஒண்டெண்டு எழுதிக் குடுங்கோவன்."

"ஒண்டெண்டு எழுதினால் பத்திலொண்டு என்னெண்டு பிரிக்கிறது எண்டு கூட்டம் வைப்பாங்கள். தொடையோ, காலோ எண்டு வாக்கெடுப்பாங்கள்."

இரத்தினம்மா கோப்பையை அவருக்குக் கிட்டத் தள்ளினாள். "ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோ. பொய்யெண்டாலும் ஐயனார் குறை நினையார். அவர் குழைக்குள்ளை கிடந்து பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்."

கணக்கெடுப்புப் படிவத்திலை ஆழ்வாப்பிள்ளை பெரிசாய் ஒரு சைபர் போட்டார்.

தலைவர் கவலைப்படுவார் எண்டு நினைச்சிருந்தார். எங்கை! சோமசேகரம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு, "இப்போதுதான் எமது பதிவேடு பூரணமாகிறது," எண்டார். மான் அற்றுப்போனதாய் நாப்பத்தோராம் தீர்மானம் ஏகமனதாய் நிறைவேறிச்சுது. திகதி போட்டு முத்திரை குத்தினவை. திகதி வந்தால் திதி வரும்தானே? செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து, செத்த ஆளின்ரை பெருமையைப் பாட்டிலை எழுதிக் கல்வெட்டு எண்டு புத்தகம் அடிச்சுக் குடுக்கிறது எங்கடை ஆக்களின்ரை வழக்கம். சங்கம் குறைவிடுமோ? ஐந்நூறு பிரதி அடிச்சினம். அட்டையிலை மான் படம், ஒரு கலண்டரிலை வெட்டினது. உள்ளை வம்சாவளி, திதி வெண்பா, பிள்ளையள் புலம்பல், அங்கத்தவர் புலம்பல். கடைசிப் பக்கத்திலை சங்கத்தின்ரை விதிமுறை முழுக்க.

அந்த முப்பது நாளும் காட்டுக்குள்ளை ஒரு வெடிச் சத்தம் இல்லை. இல்லாத மானுக்கு ஆர் போவினம்? ஆழ்வாப்பிள்ளை நிம்மதியாய் நித்திரை கொண்டார். தன்ரை பொய்யாலை காட்டிலை அமைதி வரும், அமைதி வந்தால் காதுவெட்டி பழையபடி துரவுக்கு வரும் எண்டதை மனுசன் யோசிக்கேல்லை.

அந்தியேட்டியைத் துரவடியிலைதான் வைச்சினம். பந்தல், கதிரை, ஒலிவாங்கி. மரியாதை வேட்டுக்கு நாப்பது பேர் இடியனோடை வரிசையாய் நிண்டினம். வெறும் மருந்துதான் போடவேணும் எண்டது விதி. வின்சன்ற், பழக்கதோசம், குண்டும் போட்டுத்தான் வைச்சிருந்தான். துரவு விளிம்பிலை பூவரசங்குழையும் செவ்வரத்தையும் வைச்சுக் கட்டின மலர்வளையம்.

"அன்னை மானே!" எண்டு தலைவர் உருகினார். "நீ இருந்தபோது உன் அருமை எமக்குத் தெரியவில்லை. உன்னை ஒழுங்குபடுத்தவென்றே ஒரு சங்கம் கண்டோம். சங்கம் வளர்ந்தது, நீ தேய்ந்தாய். இருநூற்றிப் பதினான்கு அங்கத்தவர்களையும் தந்துவிட்டு நீ மட்டும்…"

ஈச்சம்பத்தை ஆடிச்சுது. காதுவெட்டி வெளியிலை வந்துது.

நேரே துரவுக்கு இறங்கி, தண்ணி குடிச்சுது. பிறகு ஏறி மலர்வளையத்தை மணந்து பார்த்திட்டு, பூவரசங்குழையைக் கடிச்சு இழுத்துது. வயிறு ஒட்டியிருக்கு, மடி இறங்கியிருக்கு. ஆழ்வாப்பிள்ளைக்கு உடனை விளங்கீட்டுது. குட்டி போட்டிட்டுது, நாலைஞ்சு நாள்தான். எங்கையோ பத்தைக்குள்ளை குட்டி படுத்திருக்கு. தாய்க்குத் தண்ணி விடாய். ஐயோ, ஐயனாரே!

"தலைவர்! மான்!" எண்டு வின்சன்ற் இடியனைத் தூக்கினான். நாப்பது துவக்கும் திரும்பிச்சுது.

"துவக்கை இறக்கும்!" ஒலிபெருக்கி நாலும் அதிர்ந்துது. "நிகழ்ச்சிநிரலில் மான் இல்லை."

"நிக்குதே ஐயா, கண்ணுக்கு முன்னாலை!"

"எங்கு நின்றாலும் நாற்பத்தோராம் தீர்மானப்படி இல்லை. ஏகமனதாக நிறைவேறியது, நீரும் கையுயர்த்தினீர். கல்வெட்டு ஐந்நூறு அச்சாகிவிட்டது. திதி போட்டாயிற்று. உயிரோடு இருப்பதற்கு அந்தியேட்டி செய்தோம் என்றால் ஊர் என்ன சொல்லும்?"

அங்கத்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தினம். ஆளுக்கொரு கல்வெட்டு மடியிலை இருக்கு.

"அப்ப உது என்ன?" எண்டு கேட்டான் வின்சன்ற்.

தலைவர் சீவரத்தினத்தைப் பார்த்தார். சீவரத்தினம் மலர்வளையத்தைப் பார்த்தார். "குழை தின்கிறது. முன்னைய சம்பவத்தை ஒத்திருக்கிறது. ஆடு எனலாம், ஐயா."

"ஆடு என்போர் கையுயர்த்துக."

இருநூற்றிச் சொச்சம் கை எழும்பிச்சுது. ஸ்ரேசன்மாஸ்ரர் ரெண்டு கையையும் தூக்கினார். ஆழ்வாப்பிள்ளைக்கு மூச்சு வந்துது. ஐயனாரே, சங்கத்தையும் நல்லதுக்குத்தான் படைச்சிருக்கிறாய் எண்டு மனசுக்குள்ளை கும்பிட்டார்.

அப்ப வின்சன்றின்ரை முகம் மலர்ந்துது. "ஆடெண்டால் அட்டை தேவையில்லை. அனுமதியும் தேவையில்லை. சும்மா சுடலாம்தானே?"

தலைவர் கல்வெட்டின்ரை கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். காதுக்குறி இல்லாத ஆடு சங்கத்துச் சொத்து, விருந்துக்குச் சுட விதியிலை தடை இல்லை. நாப்பது துவக்கும் பழையபடி எழும்பிச்சுது. காதுவெட்டி குழையைச் சப்பிக்கொண்டு ஆக்களைப் பார்த்துது.

ஆழ்வாப்பிள்ளை எழும்பினதை அவரே அறியார். "சுடாதையுங்கோ! உது என்ரை ஆடு!"

எல்லாரும் திரும்பினம்.

"இருபத்தேழாம் விதி. இடது காதைப் பாருங்கோ. வெட்டு இருக்கு."

சீவரத்தினம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "குறி இருக்கிறது, ஐயா. தெளிவாக இருக்கிறது."

"உமக்கு எப்ப தொடக்கம் ஆடு?" எண்டு தலைவர் கேட்டார்.

"எட்டு வருசமாய்."

"இந்த வெட்டை ஆர் போட்டது?"

"என்ரை கையாலைதான் ஐயா." அண்டைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

செபஸ்தியம்மாவும் அவளின்ரை கத்தியும் தலைவருக்கு ஞாபகம் வந்திருக்க வேணும். "விதி விதிதான். துவக்குகளை இறக்குங்கள். ஆழ்வாப்பிள்ளை, உமது ஆட்டைச் சபையிலிருந்து உடனடியாக அகற்றும்!"

ஆழ்வாப்பிள்ளை மடிச்சுக்கட்டின வேட்டியோடை ஓடினார். "ஓடடி மூதேசி! ஆக்கள் கூடியிருக்கிற இடத்திலை என்னடி வேலை உனக்கு? ஓடு!" கையைத் தட்டித் தட்டித் துரத்தினார். காதுவெட்டி ஒரே பாய்ச்சலிலை ஆறடிப் பத்தையைத் தாண்டிப் போச்சுது. "துடியான ஆடு," எண்டார் ஸ்ரேசன்மாஸ்ரர். தலைவர் விட்ட இடத்திலையிருந்து உருகத் தொடங்கினார்.

மூண்டாம் நாள் சங்கத்திலையிருந்து கடிதம் வந்துது. ரெண்டு முத்திரையும் குத்தியிருந்தது. இரத்தினம்மாதான் எழுத்துக்கூட்டி வாசிச்சாள். "தங்கள் ஆடு சங்கத்தின் மலர்வளையத்தை உட்கொண்டமைக்கு விளக்கம் தருக. மேலும், அவ்வாட்டின் மடி இறங்கியிருந்தமை அவதானிக்கப்பட்டுள்ளது. குட்டி உண்டெனில் அதற்குக் காதுக்குறி இடப்பட்டுள்ளதா? இன்றேல் இருபத்தெட்டாம் விதியின்கீழ் எதிர்வரும் ஞாயிறன்று பொதுக்கூட்ட விருந்தின் பொருட்டுக் காடு சோதனையிடப்படும்."

வாசிச்சு முடிச்ச இரத்தினம்மா கடிதத்தை மடிச்சு வைச்சாள். உள்ளை போய், பாக்குவெட்டிக்குப் பக்கத்திலை கிடந்த சின்னக் கத்தியை எடுத்துக் கழுவி, மஞ்சளையும் ஒரு துணித்துண்டிலை முடிஞ்சு அவரின்ரை கையிலை குடுத்தாள்.

விடியக் காலமை பாலைமரத்திலை ஆழ்வாப்பிள்ளை ஒரு குழையைக் கட்டினார். ஒரு பிரதிதான். நேரே கண்டல் பத்தைக்குப் போனார். தாய் மேயப் போயிருந்தது. குட்டி அதின்ரை ஓரத்து ஈச்சம்பத்தைக்குள்ளை சுருண்டு, புள்ளி புள்ளியாய், மூச்சுக்கூடக் காட்டாமல் படுத்திருந்தது. ஆள் கிட்டப் போனால் அசையாமல் கிடக்க வேணும் எண்டு தாய் சொல்லிக் குடுத்திருக்கும். அப்பிடியே கிடந்தது. அவர் முழங்காலிலை இருந்து, அந்தப் பஞ்சுக் காதைப் பிடிச்சார்.

வெட்டினார். குட்டி வீரிட்டுக் கத்திச்சுது. மஞ்சளை அப்பி, அதை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு, மனுசன் அழுதார்.

"அழாதை மேனை. பொறுத்துக்கொள். இண்டையிலையிருந்து நீ ஆடு. மானெண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."